தக்காளியம்மாவின் சிவப்பு

அட்டைப்பெட்டி வீட்டுக்குள் வந்ததும் பரிசோதகர் செய்த முதல் காரியம், அதைத் தொடாமல் ஒதுங்கி நின்றதுதான். கத்தரிக்கோலை எடுத்து மாமனார் கையில் கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். "ஆரம்பிக்கலாம் மாமா" என்றார்.

இதற்கு அந்த வீட்டில் 'மாமனார் சோதனை' என்று பெயர். நுகர்வோர் பத்திரிகை ஒன்றுக்காக, வீட்டில் வைத்துக்கொள்ளும் இங்க்ஜெட் பிரிண்டர்களை அலசி ஆராய்ந்து மதிப்பெண் போடுவது மருமகனின் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறார். 'மூன்றே நிமிடத்தில் தயார்' என்று எல்லாக் கம்பெனிக்காரர்களும் பெட்டியின் மேல் போட்டுவிடுகிறார்கள். பழம் தின்று கொட்டை போட்ட மருமகன் பிரித்து மாட்டினால் மூன்று நிமிடம்தான் ஆகும். அதை எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்? மாமனார் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கையேட்டையும் ஜென்மத்துக்கும் படிப்பதில்லை என்று சபதம் எடுத்தவர். அவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை தடவை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிறார், பிரிண்டரைச் செய்தவனின் குடும்பத்தை எத்தனை தடவை வம்புக்கு இழுக்கிறார் என்று மூன்று எண்ணிக்கை எடுக்கப்படும். மூன்றாவதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். ஆனால் பிரிண்டரின் குணத்தை உள்ளது உள்ளபடி சொல்வது அதுதான் என்பது பரிசோதகரின் அனுபவம்.

மாமனார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நீல டேப்புகளைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"எட்டு... ஒம்பது... இவன் என்ன மாப்பிள்ளை, பிரிண்டரை அனுப்பியிருக்கானா, கட்டுப்போட்ட நோயாளியை அனுப்பியிருக்கானா?"

சோதனை நடக்கும்போது பேசக்கூடாது என்பது விதி. பரிசோதகர் நோட்டில் ஒரு கோடு கிழித்தார்.

இங்க் ஊற்றி, சுவிட்சைப் போட்டதும் பிரிண்டர் உறுமியது. பிறகு விக்கியது. பிறகு ஒரு விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டு கம்மென்று இருந்துவிட்டது.

"அதான் எல்லாத்தையும் பிச்சாச்சே! இன்னும் உனக்கு என்னடா குறை?"

பத்தாவது டேப் உள்ளே, இங்க் தலை ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம். அப்புறம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. "நம்ம வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு நம்மகிட்டயே டிக்கெட் கேக்குது பாருங்க" என்று மாமனார் கொதித்தார். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் முதல் தாள் வெளியே வந்தது. அன்றைய குறுக்கெழுத்துப் புதிர், இரண்டு மடங்கு பெரிய எழுத்தில். மாமனாருக்குப் பட்ட கஷ்டம் எல்லாம் மறந்துபோயிற்று. தாளை ஓர் அட்டையில் வைத்து, மேசையில் கிடந்த கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வீட்டில் ஒரு கிளிப் எங்கே இருந்தாலும் மறுநாள் அது மாமனாரின் குறுக்கெழுத்து அட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் இப்போதெல்லாம் கேட்பதுகூட இல்லை.

"பாடாப் படுத்திச்சு. ஆனா எழுத்து கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு மாப்பிள்ளை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

கண் என்ற சொல் காதில் விழுந்ததும் பரிசோதகரின் முகம் சுண்டிப்போனது. அடுத்து வரவேண்டியது நிறச் சோதனை. இரண்டு மாதமாக அவரைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

நிறச் சோதனை கேட்க எளிது. பத்திரிகை அலுவலகம் ஒவ்வொரு பரிசோதகருக்கும் ஒரு மூலத்தாள் கொடுத்திருக்கிறது. உயர்ந்த ரகத் தாளில் பிசகில்லாமல் அச்சிட்ட படம் அது. தக்காளிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலே, தாளின் விளிம்போரமாக, இருபத்துநான்கு நிறங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள். அதே படத்தைப் புதுப் பிரிண்டரில் அச்சிட்டு, மூலத்தாளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு மதிப்பெண். வீட்டில் எல்லாரும் அந்தப் பெண்மணியைத் 'தக்காளியம்மா' என்று கூப்பிடுவார்கள். மேசைக்கு நேரே, ஜன்னலை ஒட்டிய சுவரில், மாமனாரின் கை இதுவரை எட்டாத ஓர் அகலமான கிளிப்பில் அவர் தொங்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் முகம் கோணாமல் இருக்கும் ஒரே ஆள் அவர்தான் என்று மாமனார் சொல்வதுண்டு.

கடைசியாக வந்த மூன்று பிரிண்டர்களிலும் தக்காளியம்மாவின் முகம் பளார் என்று அறை வாங்கியது போலச் சிவந்து வந்தது. பரிசோதகர் பார்த்ததை எழுதினார்: 'சிவப்பு தூக்கல்'. மதிப்பெண்ணைக் குறைத்தார். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு பிரிண்டரையும் இரண்டு பரிசோதகர்கள் தனித்தனியே பார்ப்பார்கள். ஒருவர் யார் என்று மற்றவருக்குத் தெரியாது. அந்த இன்னொருவர் மூன்று தடவையும் 'நிறம் அச்சு அசல்' என்று எழுதியிருந்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு பத்திரிகை ஆசிரியை போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணை ஒருவாட்டி காட்டிடுங்களேன்" என்றார். கழுகுக்கண் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே அதே ஆசிரியைதான்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். பரிசோதகரால் முடியவில்லை. அவருடைய அண்ணன் தையல்காரர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், அரக்குச் சிவப்புத் துணிக்கு மண் நிற நூலைப் போட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர் கத்தினார். அண்ணன், "ஒரே நிறம்தானே?" என்று திருப்பிக் கேட்டார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு பழுதாகிறது, முதலில் சிவப்பில்தான் ஆரம்பிக்கும் என்று மருத்துவர் சொன்னார். இப்போது அண்ணன் மருத்துவமனைகளுக்கு வெள்ளைப் போர்வையும் தலையணை உறையும் மட்டும் தைக்கிறார். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அதுதான் தம்பியால் தாங்க முடியாதது. இந்த இரண்டு மாதமாக அண்ணன் வீட்டுப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. அந்த வெள்ளைத் துணி மூட்டைகளை நினைத்தாலே பயமாக இருந்தது.

இப்போது நான்காவது பிரிண்டர். பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் அங்குலம் அங்குலமாக வந்தது. கட்டங்கள், கூந்தல், நெற்றி, கன்னம். மூலத்தாளின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்தாள். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு சால்வைகளைத் தூக்கிக் காட்டினாள். "என்னங்க, குளிரா இருக்கு. இதுல எதைப் போட்டுக்கட்டும்?"

அவர் திரும்பியே பார்க்கவில்லை. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

முன்பெல்லாம் இப்படியா? ஒரு சால்வையைக் காட்டினால் அதன் சாயம், அது எத்தனை தடவை துவைத்தது, எந்த வெளிச்சத்தில் எடுபடும் என்று அவளுடைய பேருந்தே போய்விடும்வரை பேசுவார். இந்த இரண்டு மாதமாக எதைக் காட்டினாலும் 'ரெண்டும் நல்லாத்தான் இருக்கு'. தன்னைப் பார்ப்பதற்கே இந்த மனிதனுக்கு அலுத்துவிட்டதோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. கேட்டால் சண்டை வரும், கேட்காவிட்டால் அழுகை வரும். இரண்டுக்கும் காலையில் நேரமில்லை. அவள் சுவரைப் பார்த்தாள்.

"உங்க தக்காளியம்மாவுக்கு ரத்தம் குறைஞ்சுக்கிட்டே போகுது. ஒரு நாள் எங்க லேபுக்குக் கூட்டிட்டு வாங்க, குத்திப் பாத்துடலாம்" என்றாள். பழைய கேலி. அவர் காதில் வாங்கவில்லை. கையில் வந்த ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நிறத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றச் சோதனைகளைத் தொடர்ந்தார். அதில் எல்லாம் அவருக்குத் தயக்கமே இல்லை. எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், மை இளகவில்லை. தாள்களை வேண்டுமென்றே மடங்கிய மூலையோடு வைத்துப் பார்த்தார். ஐம்பதில் ஒன்றுதான் சிக்கியது. வெயில் சோதனைக்கு ஒரு துண்டுப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடினார். ஏற்கெனவே அங்கே ஏழெட்டுப் பிரிண்டர்களின் துண்டுகள் அப்படி ஒட்டியிருந்தன. ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்தால், மூடியிருந்த பாதிக்கும் வெயில் பட்ட பாதிக்கும் உள்ள வித்தியாசம் நிறம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் ஓய்வுச் சோதனை. வீட்டுப் பிரிண்டரை யாரும் தினமும் பயன்படுத்துவதில்லை. திடீரென்று ஒரு நாள் அவசரத்துக்குப் போட்டால் மை காய்ந்து அடைத்துக்கொண்டு காலை வாரிவிடும். அதனால் பத்து நாள் அதைத் தொடவே கூடாது. மாமனார் பூனை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரே ஒரு புதிர் மாப்பிள்ளை, அதுக்குத் தெரியாம போட்டுக்கறேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. பதினோராம் நாள் சோதனைத் தாளைப் போட்டபோது ஒரு கோடுகூட விடுபடாமல் சுத்தமாக வந்தது. நல்ல பிரிண்டர். அதில் சந்தேகமே இல்லை. நல்ல பிரிண்டரைப் பார்த்து இவ்வளவு துக்கப்பட்ட ஆள் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

அன்று மத்தியானம், வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கண் மருத்துவமனையின் படிவத்தை அதே பிரிண்டரில் எடுத்தார். பேனாவால் நிரப்பினார். 'குடும்பத்தில் வேறு யாருக்கேனும் கண் நோய் உண்டா?' என்ற கேள்விக்கு 'அண்ணனுக்கு' என்று எழுதும்போது கை நின்று நின்று போனது. இரண்டு பிரதி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மூடியைத் திறந்து, கண்ணாடியில் படிவத்தைக் கவிழ்த்து வைத்து ஒரு நகல் எடுத்தார். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் சொல்வதாக இல்லை.

புதன்கிழமை மாலைக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். மனைவிக்கு அன்று விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து பரிசோதகர் மேசையில் உட்கார்ந்தார். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. நிறம்.

'சிவப்பு தூக்கல்' என்று எழுதினால் ஆசிரியை அடுத்த பிரிண்டரை வேறு யாருக்காவது அனுப்பிவிடுவார். 'அச்சு அசல்' என்று எழுதலாம். அந்த இன்னொருவரும் அதைத்தான் எழுதியிருப்பார், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கண்ணால் பார்க்காததை அவர் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. அரைமணி நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கண்கள் போய்விட்டால் நமக்கு வேறென்ன தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து, எது சிவப்பு, எது காவி என்று தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. அதையும் நம்ப முடியவில்லை.

திரும்பி வந்தபோது சுவர் காலியாக இருந்தது. கிளிப்பைக் காணோம். தக்காளியம்மா மேசையில் மல்லாந்து கிடந்தார். யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். முன்னறையில் குறுக்கெழுத்து அட்டையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இந்த மனுஷருக்குக் கிளிப்பைத் தவிர எதுவும் கண்ணுல படாதா!" என்று முணுமுணுத்துக்கொண்டே தாளை எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே நின்றார்.

தாளின் மேல் விளிம்பில், கிளிப் கவ்வியிருந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் நிறக்கட்டங்களின் மேல்பாதி. பட்டைக்குக் கீழே அதே கட்டங்களின் கீழ்பாதி. ஒரே கட்டம், ஒரே மை, ஒரே தாள். மேல்பாதி பழுத்த தக்காளி. கீழ்ப்பாதி இன்னும் பழுக்காத வெளிறிய தக்காளி. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு.

அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு அட்டையை எடுக்கும்போதெல்லாம் பார்க்கிற கோடு. மாதாமாதம் அளந்து, எண் போட்டு, வாசகர்களுக்கு எச்சரிக்கை எழுதுகிற கோடு. பெரும்பாலான மையில் வெயில் முதலில் தின்பது சிவப்பைத்தான் என்று வருடத்துக்கு நான்கு கட்டுரையாவது எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகளை எழுதிய மேசைக்கு நேரே, அதே வெயிலில், மூலத்தாளை ஒன்றரை வருடம் காயப்போட்டிருக்கிறார்.

புதுப் பிரிண்டரின் படத்தை எடுத்து, கிளிப்புக்கு அடியில் இருந்த அந்தப் பட்டையோடு ஒட்டிப் பிடித்தார். சிவப்போடு சிவப்பு சேர்ந்தது. எது பழையது, எது புதியது என்று சொல்ல முடியவில்லை. இருபத்துநான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரிண்டர் சரியாகத்தான் அச்சிட்டிருக்கிறது. முந்தைய மூன்றும் சரியாகத்தான் அச்சிட்டிருக்கின்றன. கண்ணும் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வெளுத்துப்போனது தக்காளியம்மா.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு மாதமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போவது அவருக்கே தெரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணீர் வந்தது. கண்ணீர் பட்டால் மை கரையுமோ என்று தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். தொழில் புத்தி.

இரண்டு தாள்களையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். அங்கே மனைவியும் மாமனாரும் ஒரே சோபாவில், சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். மனைவி கையில் ஒரு தாள்.

"ஒரு விஷயம்..." என்றார் அவர்.

"ஒரு விஷயம்..." என்றாள் அவள், அதே நேரத்தில்.

மாமனார் குறுக்கே புகுந்தார். "மாப்பிள்ளை, நான் ஒண்ணும் வேணும்னு பாக்கலை. புதிரைப் பெரிசாக்கலாம்னு மூடியைத் திறந்தேன். உள்ள இது இருந்துச்சு."

கண் மருத்துவமனைப் படிவம். நகலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, மூலப் படிவத்தைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். 'மூடிக்குள் தாளை மறந்துவிட்டால் எச்சரிக்கை ஒலி தரும் வசதி இல்லை' என்று போன மாதம்தான் ஒரு பிரிண்டருக்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தார்.

மனைவியின் கண்கள் சிவந்திருந்தன. உண்மையான சிவப்பு. "அண்ணனைப் பத்தி இதுல எழுதியிருக்கீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நாளைக்குத் தனியா போகலாம்னு இருந்தீங்களா?"

"அழாத. இதைப் பாரு. இதைப் பாரு முதல்ல." தாளை அவள் மடியில் விரித்து, பட்டையைத் தொட்டுக் காட்டினார். மூச்சு வாங்க, தலையும் வாலும் மாறி மாறிச் சொல்லி முடித்தார். ஆசிரியையின் போன், இன்னொரு பரிசோதகர், மூன்று பிரிண்டர், அண்ணன், கிளிப்.

அவள் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? அந்தம்மாவுக்கு ரத்தம் குறையுது, ரத்தம் குறையுதுன்னு தொண்டை கிழியக் கத்தறேன்! நாள் பூரா ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருக்கறவ சொன்னா கேக்கக்கூடாதா?"

"நீ கேலி பண்றேன்னு நினைச்சேன்."

"கேலிதான் பண்ணேன். அதுக்காக? சரி, உங்க கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னே வச்சுக்குவோம். அப்ப ரெண்டு தாளும்ல சிவப்பாத் தெரியணும்? ஒண்ணு மட்டும் எப்படித் தெரியும்?"

பரிசோதகர் தலையில் அடித்துக்கொண்டார். பதினோரு வருட அனுபவத்தில் இந்தச் சின்னக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. பயம் உள்ளே வரும்போது புத்தி பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டிருந்தது.

"அப்பா இல்லேன்னா இன்னும் எத்தனை நாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருப்பீங்களோ!" என்று சொல்லி, அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டாள். அடித்த கையை எடுக்கவில்லை.

"நான் என்ன பண்ணேன்?" என்றார் மாமனார், கிளிப் மாட்டிய அட்டையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் நகர்த்தியபடி.

"நீங்க வச்சுக்குங்க மாமா. ஆயுசுக்கும் வச்சுக்குங்க. இன்னும் நாலு வாங்கித் தரேன்."

ஆசிரியைக்குப் போன் போட்டபோது பரிசோதகரின் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டு, அவருக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்றுதான் அந்த அம்மாள் நினைத்திருப்பார்.

"மேடம், மூணு பிரிண்டருக்குத் தப்பா மார்க் போட்டுட்டேன்! மூணும் நல்ல பிரிண்டர் மேடம்! தப்பு முழுக்க என்னோடது!"

"இதை இவ்வளவு சந்தோஷமா சொல்ற ஆளை நான் பாத்ததே இல்லை சார்."

அவர் விவரம் சொன்னார்.

"சார், பரிசோதகர் கையேட்டுல நாலாவது விதி என்ன?"

அவருக்குத் தெரியும். "மூலத்தாளைக் கறுப்பு உறையிலேயே வைக்க வேண்டும். ஒப்பிடும் நேரத்தில் மட்டும் வெளியே எடுக்க வேண்டும்."

"அந்தக் கையேட்டை எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"ஏன் சார் செவுத்துல மாட்டினீங்க?"

"ஒவ்வொரு வாட்டியும் அலமாரியைத் திறந்து எடுக்கறதுக்குச் சோம்பேறித்தனம் மேடம்."

பிறகு ஆசிரியை வாங்கு வாங்கென்று வாங்கினார். மூன்று கம்பெனிகளுக்கும் மன்னிப்புக் கடிதம். அடுத்த இதழில் திருத்தம், அதுவும் இவர் கைப்பட. மூன்று பிரிண்டர்களையும் புது மூலத்தாளோடு மறுபடி பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். திட்டு வாங்குவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கடைசியில் ஆசிரியையின் குரல் இறங்கியது. "உங்க இடத்துல வேற யாரைப் போடறதுன்னு ஒரு மாசமாத் தேடிக்கிட்டு இருந்தேன் சார். ஒருத்தரும் சரியா அமையலை. நல்லவேளை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனை வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினார்: 'நிறம்: அச்சு அசல்'.

வியாழக்கிழமை கண் மருத்துவமனைக்குப் போகத் தேவையில்லை என்றார். மனைவி விடவில்லை. "அண்ணனைப் பத்தி அந்தப் படிவத்துல எழுதியிருக்கீங்க இல்ல? அப்ப போறோம். நானும் வரேன்." போனார்கள். மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். புள்ளிப் படங்களைக் காட்டினார். பரிசோதகர் ஒன்றுவிடாமல் சொன்னார். நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, படிக்கும்போது மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். "டாக்டர், உங்க புள்ளிப் படத்துல அஞ்சாவது பக்கம் இடது ஓரம் வெளுத்திருக்கு. ஜன்னல் பக்கம் வைக்காதீங்க" என்றார் பரிசோதகர். மனைவி அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. இரண்டு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்திருந்தார். அண்ணன் சிரிப்பார். பயந்துபோன தம்பியைப் பார்த்துச் சிரிக்க அவரைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? சிரித்து முடித்ததும் அந்த வெள்ளைத் துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அவரோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

கிளம்பும் நேரத்தில் மனைவி கண்ணாடி முன் நின்றாள். கதவோரம் நின்றிருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு அதே இரண்டு சால்வைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"எது?"

பரிசோதகர் கிட்டே வந்தார். இரண்டையும் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இது இருக்கே, இதைச் சிவப்புன்னு சொல்லி வித்திருப்பான். இது சிவப்பு இல்ல. உள்ளுக்குள்ள ஒரு துளி நீலம் கலந்திருக்கு, அதனாலதான் விளக்கு வெளிச்சத்துல கறுத்துத் தெரியும். இது நீ போன வருஷம் அடிக்கடி போட்டது. வலது தோள் பக்கம் ஒரு பங்கு வெளுத்திருக்கு, ஏன்னா நீ பஸ்ல எப்பவும் வலது பக்க ஜன்னல்லதான் உக்காருவே. இந்த இன்னொண்ணு செங்கல் சிவப்பு. இது உன் நிறத்துக்குச் சாயங்கால வெயில்ல எப்படி இருக்கும் தெரியுமா..."

முன்னறையிலிருந்து, முப்பது வருடம் நேரம் தவறாமல் விசில் ஊதியவரின் குரல் கேட்டது. "பஸ்ஸுக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு! என்ன பண்றீங்க உள்ள?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ம், சொல்லுங்க" என்றாள்.